ஒரே அளவுக் கேமரா, பல அளவுக் கைகள்

ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் ஒரு டிசைன் உற்பத்திக்குப் போகும் முன் அதற்குரிய லாஸ்ட் வந்தாக வேண்டும். காலின் வடிவில் செய்த அச்சுதான் லாஸ்ட். அதன்மேல் இழுத்துப் பொருத்தினால்தான் ஷூவின் மேல்பாகத்துக்கு வடிவம் வரும். ஒரு டிசைனுக்கு ஒரு லாஸ்ட் போதாது. 40ஆம் எண்ணுக்கு ஒரு ஜோடி, 41க்கு வேறொரு ஜோடி என்று வரிசையாக வேண்டும். ஐரோப்பிய அளவுமுறையில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் உள்ள நீள வித்தியாசம் 6.67 மில்லிமீட்டர்தான். பிரிட்டிஷ் முறையில் 8.47 மில்லிமீட்டர், அரை அளவு என்றால் அதிலும் பாதி. இந்தச் சின்ன வித்தியாசத்துக்காக லாஸ்ட் மாறுகிறது, தோல் வெட்டும் டை மாறுகிறது. அதே ஷூவைப் படமெடுத்து வெளிநாட்டு பையருக்கு அனுப்பும் கேமராவோ, பெரிய கைக்கும் சின்னக் கைக்கும், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவில்தான் வருகிறது.

சிறிய மிரர்லெஸ் கேமரா வாங்குகிறவர்கள் எல்லோர் முன்னும் ஒரு கேள்வி நிற்கிறது. கேமராவின் பிடியைப் பெரிதாக்கத் தனியாக விற்கும் கிரிப்பையும் சேர்த்து வாங்குவதா, வேண்டாமா? அது கேமராவின் திறனைக் கூட்டுமா, எடையை மட்டும் கூட்டுமா? வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டி நீளும் தோல் தொழில் வட்டாரத்தில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் பொருத்தம் உண்டு. இங்கே கேமரா ஷூவையும் தோலையும் படமெடுக்கிறது, கல்யாண மண்டபத்தில் நாள் முழுக்க ஓடுகிறது, கத்திரி வெயிலில் வியர்த்த கையில் இருக்கிறது. உடம்புக்கு அளவெடுத்துப் பொருள் செய்யும் கைத்திறனும் இங்கேயே இருக்கிறது. இக்கட்டுரை சொல்ல வருவது ஒன்றுதான்: கிரிப்பை அலங்காரத் துணைப்பொருளாகப் பார்ப்பது தவறு. கேமரா உலகம் தர மறந்த அளவு எண்ணை அது ஓரளவு ஈடுசெய்கிறது. ஆகவே ஒரு கிரிப்பை மதிப்பிட வேண்டியது அது கைக்கும் வேலைக்கும் பொருந்துகிறதா என்பதை வைத்துத்தான்.

கைப்பிடி காணாமல் போன கதை

மிரர்லெஸ் வருமுன், உள்ளே கண்ணாடிப் பெட்டி இருந்தவரை கேமரா தடிமனாக இருந்தே தீர வேண்டும். லென்ஸ் பொருந்தும் வளையத்துக்கும் சென்சாருக்கும் நடுவே கண்ணாடி எழுந்து தாழ இடம் வேண்டும். கேனனின் பழைய ஈஎஃப் அமைப்பில் அந்த இடைவெளி 44 மில்லிமீட்டர். கண்ணாடியை எடுத்துவிட்ட பிறகு, கேனனின் ஆர்எஃப் அமைப்பில் அது 20 மில்லிமீட்டர், சோனியின் இ அமைப்பில் 18. 2008இல் பானாசோனிக் ஜி1 மிரர்லெஸ் வகையைத் தொடங்கிவைத்தது. 2009இல் ஒலிம்பஸ் இ-பி1, 2010இல் சோனியின் நெக்ஸ் கேமராக்கள் என்று ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஒல்லியாகத் தன்னைக் காட்டிக்கொள்ளவே முயன்றன. 2020க்குள் மிரர்லெஸ் விற்பனைக்கு அனுப்பப்பட்ட எண்ணிக்கையில் கண்ணாடிக் கேமராவை முந்திவிட்டது. ஆனால் பல மாடல்களில் கண்ணாடியோடு சேர்த்துக் கழற்றி எறியப்பட்டது விரல்கள் பற்றிக்கொள்ளும் மேடும்தான். கண்ணாடியை எடுத்ததற்குத் தொழில்நுட்பக் காரணம் இருந்தது. கைப்பிடி மேட்டை எடுத்ததற்குக் காரணம் விளம்பரத்தில் சிறியதாகத் தெரிய வேண்டும் என்பதே. லென்ஸ் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் அளவுக்குக் கைப்பிடியும் முன்னால் வந்தால், பையில் அடைபடும் இடம் ஒன்றும் கூடிவிடாது.

எடுத்ததைத் தனியாக விற்கும் வழக்கம் உடனே வந்தது. 2012இல் வந்த ஒலிம்பஸ் இ-எம்5க்கு எச்எல்டி-6 என்ற இரட்டைக் கிரிப் கிடைத்தது. அதன் முதல் பகுதி விரலுக்கான மேடும் ஷட்டர் பொத்தானும் கொண்டது. இரண்டாம் பகுதியை அதன் அடியில் மாட்டினால் கூடுதல் பேட்டரியும், கேமராவை நிமிர்த்திப் பிடிக்க இன்னொரு பொத்தானும் வரும். 2014இல் வந்த இ-எம்10க்கான கிரிப்பில் ஒரு நெம்புகோலைத் திருப்பினால் கிரிப் கழன்று பேட்டரிக் கதவு திறக்க வழிவிடும். 2019இல் கேனன் ஈஓஎஸ் ஆர்பி, பேட்டரியும் கார்டும் சேர்த்து 485 கிராம் எடையில் வந்தது. சுண்டுவிரல் தொங்குகிறது என்ற குறையை எதிர்பார்த்தே இஜி-இ1 என்ற அடிநீட்டிப்பும் கூடவே வந்தது. 2021இல் புஜிபிலிம் எக்ஸ்-இ4 முன்பக்கத்தைத் தட்டையாகவே விட்டு, உலோகக் கிரிப்பையும் கட்டைவிரல் தாங்கியையும் தனித்தனியாக விற்றது. அதே ஆண்டு நிக்கான் தன் பழைய எஃப்எம்2வின் சாயலில் இசட்எஃப்சியைக் கொண்டுவந்தது. அதற்கும் ஒரு நீட்டிப்புக் கிரிப்.

இந்த வரிசையில் சொல்லாமல் சொல்லும் சாட்சி சோனி. 2023இல் ஏ7சி II, ஏ7சிஆர் என்ற இரண்டு சிறிய முழுச்சட்டக் கேமராக்களை அது ஒன்றாக அறிவித்தது. உடல் கிட்டத்தட்ட ஒன்றே. 33 மெகாபிக்சல் ஏ7சி II வாங்குகிறவர் நீட்டிப்புக் கிரிப்பைத் தனியாக வாங்கிக்கொள்ளலாம். 61 மெகாபிக்சல் ஏ7சிஆருக்கு அந்தக் கிரிப் பெட்டிக்குள்ளேயே வருகிறது. பிக்சல் பெருகப் பெருகக் கையின் சிறு நடுக்கமும் படத்தில் தெரியும். விலை கூடிய கேமராவுக்குக் கனத்த லென்ஸ்தான் மாட்டப்படும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், நுட்பமான படம் வேண்டுமானால் கைப்பிடி வேண்டும் என்பதைச் செய்தவர்களே ஒப்புக்கொண்டதாகத்தான் இதைப் படிக்க வேண்டியிருக்கிறது.

ஒரு சென்டிமீட்டரின் கணக்கு

கையாளுதல் வேறு, திறன் வேறு என்று பிரித்துப் பேசுவது கேமரா விமர்சனங்களின் வழக்கம். ஆட்டோஃபோகஸ், வேகம், சென்சார் எல்லாம் திறனில் வரும். கிரிப் கையாளுதலில் வரும். இந்தப் பிரிவினை எவ்வளவு மெலிதானது என்பதை ஒரு தோராயக் கணக்கு காட்டிவிடும். 600 கிராம் எடையுள்ள ஒரு ஜூம் லென்ஸை எடுத்துக்கொள்வோம். அதன் எடைமையம் கை பிடித்திருக்கும் இடத்திலிருந்து 6 சென்டிமீட்டர் முன்னால் இருக்கட்டும். கேமராவை முன்பக்கம் கவிழ்க்கப் பார்க்கும் திருப்புவிசை 3,600 கிராம்-சென்டிமீட்டர். வலது கை தனியாக இதைத் தடுக்க வேண்டுமானால், மேலே முன்பக்கம் விரல்கள் பின்னுக்கு இழுக்க வேண்டும். கீழே பின்பக்கம் உள்ளங்கையின் அடிப்பகுதி முன்னுக்குத் தள்ள வேண்டும். இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே 4 சென்டிமீட்டர்தான் இருக்கிறது என்றால் ஒவ்வொன்றும் தாங்க வேண்டியது 900 கிராம் விசை. கிரிப் அடியில் ஒரு சென்டிமீட்டர் நீட்டித்து அந்த இடைவெளி 5 ஆனால் 720 கிராம் போதும். ஒரே ஒரு சென்டிமீட்டர், அதாவது ஐரோப்பிய ஷூ அளவில் ஒன்றரை எண், கையின் சுமையில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்துவிடுகிறது. 100 கிராமுக்குள் அடங்கும் சிறிய பிரைம் லென்ஸுக்கு இதே கணக்கைப் போட்டால் வரும் லாபம் பொருட்படுத்தத் தக்கதே அல்ல. கிரிப் வேண்டுமா என்ற கேள்விக்கான முதல் பதில் கேமராவில் இல்லை, மாட்டப்போகும் லென்ஸில் இருக்கிறது.

நீளம் ஒரு பக்கம் என்றால் ஆழம் இன்னொரு பக்கம். முன்பக்கம் தட்டையான கேமராவை விரல்கள் இரு பக்கமும் அழுத்தி, உராய்வை நம்பித்தான் பிடிக்கின்றன. மேடு இருந்தால் விரல்கள் கொக்கிபோல் வளைந்து எடையைத் தாங்கும். அழுத்தம் குறையும், விரல்நுனி ஓயாது, சுட்டுவிரல் ஷட்டருக்கென்று விடுபடும். உராய்வை நம்பிய பிடி வியர்வையில் முதலில் தோற்கும். சித்திரை, வைகாசியில் வேலூரில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது வழக்கமான செய்தி. பெரும்பாலான கேமராக் கையேடுகள் இயக்கத்துக்கான மேல்வரம்பாக அச்சிடுவதும் அதே 40 டிகிரிதான். கேமரா தாங்கும் வரம்பிலேயே கையும் வேலை செய்கிறது என்பதால், குளிர்நாட்டு விமர்சகர் விருப்பத்துக்கு விட்டுவிடும் கிரிப் இங்கே தேவையின் பக்கம் சாய்கிறது.

கிரிப் செய்யாததையும் சொல்லிவிட வேண்டும். நீட்டிப்புக் கிரிப் பேட்டரியைக் கூட்டாது. ஈஓஎஸ் ஆர்பி ஒரு பேட்டரியில் எடுக்கும் படங்கள், ஜப்பானியக் கேமரா உற்பத்தியாளர் அமைப்பான சிப்பாவின் தரமுறைப்படி, சுமார் 250. இஜி-இ1ஐ மாட்டினாலும் அதே 250தான். எண்ணிக்கை கூட வேண்டுமானால் பேட்டரி கிரிப் வேண்டும், அல்லது சோனி ஏ7சி போலப் பெரிய பேட்டரி வைத்த, தரமுறைப்படி சுமார் 740 படம் எடுக்கும் கேமரா வேண்டும். வெப்பத்துக்கும் கிரிப் மருந்தல்ல. 2020இல் கேனன் ஆர்5 வந்தபோது 8கே வீடியோ சுமார் 20 நிமிடத்தில் நின்றுவிடும் என்று கம்பெனியே அறிவித்தது. அந்தக் கணக்கும் 23 டிகிரி அறையில் எடுத்தது. அடியில் ஓர் உலோகத் தகடு சேர்ப்பதால் இந்த நிலை மாறிவிடாது. மே மாத வெயிலில் அந்தத் தகடே சுடும். கிரிப் கூட்டுவது படமெடுப்பவரின் திறனை. கேமராவுக்குள் இருக்கும் எலக்ட்ரானிக்ஸை அது தொடுவதில்லை.

வேலைக்கு ஏற்ற பிடி

தோல் வட்டாரத்தில் கேமரா செய்யும் வேலைகளை மூன்றாகப் பிரிக்கலாம். முதலாவது, கேட்டலாக் மேசை. ஷூ, பெல்ட், பை, ஃபினிஷ் செய்த தோலின் மாதிரித் துண்டு ஆகியவற்றை வெள்ளைப் பின்னணியில் வைத்து எடுக்கும் வேலை. இங்கே கேமரா டிரைபாடில் இருக்கிறது. மூக்கு முதல் குதிகால் வரை 30 சென்டிமீட்டர் நீளும் ஷூ முழுவதும் கூர்மையாக விழ, லென்ஸ் துளையைச் சிறிதாக்கி எஃப் 11 வரை போவார்கள். அல்லது ஃபோகஸை அடியடியாக நகர்த்திப் பல படங்கள் எடுத்துக் கணினியில் அடுக்குவார்கள். கை தொடாத இந்த வேலையில் விரல்மேட்டால் பயன் எதுவும் இல்லை. பயன் இருப்பது அடித்தகட்டில். டிரைபாட் தலையில் நேராக நுழையும் ஆர்க்கா வடிவப் பள்ளம் வெட்டிய கிரிப் என்றால் தனித் தகடு மாட்டும் வேலை மிச்சம். பேட்டரிக் கதவை மறைக்கும் கிரிப் என்றால் ஒவ்வொரு முறையும் கேமராவைக் கழற்ற வேண்டும். ஃபிரேம் கலையும், அடுத்த ஷூ முந்தையதன் இடத்தில் சரியாக உட்காராது. விலை குறைந்த பிளாஸ்டிக் கிரிப்பின் அடிப்பகுதி லென்ஸின் எடையில் லேசாக வளையும்; ஷட்டரை அழுத்தும்போது வரும் அசைவு கறுப்பு நாப்பா தோலின் மெல்லிய ரேகைகளை மழுக்கும். இந்த மேசையில் கிரிப்பைத் தேர்வதற்கு அளவுகோல் உறுதியும் பேட்டரி வழியுமே.

இரண்டாவது, தோல் ஷாப்பின் உள்ளே. தோல் பதனிடும் ஆலையை இப்பக்கம் தோல் ஷாப் என்றுதான் சொல்கிறார்கள். டிரம் சுற்றும் இடத்தில் தரை எப்போதும் ஈரம்; ஒரு கை கம்பியைப் பற்றியிருக்க, மறு கையில்தான் கேமரா. ஒற்றைக் கையால் பிடிக்கும் இந்த இடத்தில் மேலே போட்ட கணக்கு முழுவதும் பலிக்கிறது. பஃபிங் மெஷின் கிளப்பும் தூசு வேறு. உப்பிட்ட பச்சைத்தோலிலிருந்து உதிரும் உப்பு வேறு. சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் போட்டு ரோமம் நீக்கும் பகுதியில் ஹைட்ரஜன் சல்பைடு வாயு எழ வாய்ப்புண்டு. வெள்ளியையும் செம்பையும் கறுக்கவைப்பது அதன் இயல்பு. பேட்டரி கிரிப் கேமராவோடு பேசுவது உலோக முனைகளின் வழியாக என்பதால், கூடுதலாக ஓர் இணைப்பு சேர்ந்தால் கூடுதலாக ஒரு பலவீனமும் சேர்கிறது. இ-எம்5க்கும் அதன் கிரிப்புக்கும் நீர்த்தடுப்பு சேர்த்தே தரப்பட்டிருந்தது. எல்லாக் கிரிப்புக்கும் அப்படி இல்லை. உடல் நீர் புகாதது, கிரிப் புகும் என்றால், அந்த ஜோடியை மொத்தமாக நீர் புகுவது என்றே கொள்ள வேண்டும். மின்முனை எதுவும் இல்லாத வெறும் நீட்டிப்புக் கிரிப்தான் இந்த இடத்துக்குப் பத்திரம்.

மூன்றாவது, கல்யாணம். பேட்டரி கிரிப்பின் இடம் இதுதான். முகூர்த்தம், நிக்காஹ், ரிசப்ஷன் எதுவானாலும் மணிக்கணக்கில் நிற்க வேண்டும், மேடையில் ஆள் மாற மாறக் கேமராவை நிமிர்த்தியும் படுக்கவைத்தும் எடுக்க வேண்டும். நிமிர்த்திப் பிடிக்கும்போது இரண்டாம் ஷட்டர் இல்லாவிட்டால் முழங்கை மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். சிப்பாவின் 250 என்பது 30 வினாடிக்கு ஒன்று என்று நிதானமாக எடுக்கும் சோதனைக் கணக்கு. மண்டபத்தில் விடாமல் தொடர்ந்து எடுக்கும்போது அதைவிட அதிகம் வரும் என்றாலும், தாலி கட்டும் நேரத்தில் பேட்டரி மாற்றும் நிலை வரவே கூடாது. ஆனால் இதே வேலையில் வீடியோவும் உண்டு. கிம்பலில் ஏற்றும்போது கிரிப் உயரத்தையும் எடைமையத்தையும் மாற்றிவிடும்; கழற்றாமல் சமன் செய்வது பெரும்பாடு. ஆக, கல்யாண போட்டோகிராபர் கிரிப் வாங்கும்போது எவ்வளவு விரைவாக மாட்டலாம் என்பதைவிட எவ்வளவு விரைவாகக் கழற்றலாம் என்று பார்ப்பதே முறை.

எதிர்வாதங்கள்

கிரிப்பை மாட்டிக்கொள்ளத்தான் போகிறோம் என்றால் சிறிய கேமரா எதற்கு என்பது முதல் எதிர்வாதம். எண்களை வைத்தே இதற்குப் பதில் சொல்லலாம். கண்ணாடிக் காலத்தின் கல்யாணக் கேமராவான கேனன் 5டி மார்க் 4, பேட்டரியும் கார்டும் சேர்த்து 890 கிராம். 485 கிராம் ஆர்பியோடு 100 கிராம் கிரிப்பைச் சேர்த்தாலும் 300 கிராம் மிச்சம். அதைவிடப் பெரிய பதில், கழற்ற முடியும் என்பது. உடலோடு பிறந்த பெரிய கைப்பிடி எல்லா நாளும் பெரியதுதான். கழற்றும் கிரிப் ஒரே கேமராவை இரண்டு அளவாக்குகிறது. பயணத்துக்கு ஒரு வடிவம், வேலைக்கு இன்னொன்று.

இடது கைதான் லென்ஸைத் தாங்குகிறது, வலது கை பொத்தானுக்கு மட்டும் என்பது இரண்டாம் வாதம். இரண்டு கையும் சும்மா இருக்கும்போது இது உண்மை. ஆனால் இடது கை ஜூம் வளையத்தைத் திருப்பும்போது, ரிஃப்ளெக்டரைப் பிடிக்கும்போது, தோலின் மடிப்பை விரித்துக் காட்டும்போது சுமை முழுவதும் வலது கைக்கு வந்துவிடுகிறது. மூன்றாம் வாதம் இன்னும் கனமானது: இப்போதெல்லாம் சென்சாரே நகர்ந்து நடுக்கத்தைச் சரிசெய்கிறதே, கிரிப் எதற்கு? சென்சார் நகர்வு மெச்சத்தக்கதுதான். ஆனால் அதன் திறனைச் சொல்லும் எண்கள் குலுக்கும் மேசையில் கேமராவை வைத்து அளந்தவை. களைத்த மணிக்கட்டில் அளந்தவை அல்ல. சென்சாரால் சிறிய, வேகமான நடுக்கத்தைத் துடைக்க முடியும். கை சோர்ந்து ஃபிரேம் மெல்லச் சரிவதையோ, வளையத்தைத் திருப்பும்போது கேமரா சாய்வதையோ, மணமகள் தலை திரும்புவதையோ அது தடுக்காது. ஒன்று கருவியின் குறையைத் தீர்க்கிறது, மற்றது உடம்பின் சோர்வைத் தீர்க்கிறது. ஒன்று இருப்பதால் மற்றது வேண்டாம் என்றாகாது.

போகப் போகப் பழகிவிடும் என்பது நான்காவது. புதுச் செருப்பு கொஞ்ச நாள் கடிக்கத்தான் செய்யும் என்று சொல்கிற ஊரில் இது எடுபடும் வாதம். ஆனால் செருப்பு பழகுவதற்குக் காரணம் தோல் காலுக்கேற்ப இளகுவது. மெக்னீசியம் உலோகக்கலவை இளகாது. கேமராவில் பழக வேண்டியது முழுவதும் கைதான், அதன் விலையை விரல் மூட்டும் மணிக்கட்டும் கொடுக்கின்றன. கடைசியாக, கேமராச் சந்தையே சுருங்குகிறது, இதையெல்லாம் யோசிப்பானேன் என்று கேட்பவர்கள் உண்டு. 2010இல் உலகெங்கும் 12 கோடிக்கு மேல் டிஜிட்டல் கேமராக்கள் விற்பனைக்கு அனுப்பப்பட்டன. 2023இல் 80 லட்சத்துக்கும் குறைவு. மிச்சத்தை செல்போன் விழுங்கிவிட்டது. ஆனால் செல்போன் இருந்தும் கேமரா வாங்குகிறவர் எதற்காக வாங்குகிறார்? பெரிய சென்சாருக்காக, மாற்றும் லென்ஸுக்காக. அவற்றோடு, கையில் பிடித்து விரலால் இயக்கும் கருவி வேண்டும் என்பதற்காகவும். செல்போனால் தர முடியாத இந்த ஒன்றையும் பிடுங்கிவிட்டு மெலிதாக்குவது, கேமரா தன் கடைசி அனுகூலங்களில் ஒன்றைத் தானே விட்டுக்கொடுப்பதாகும்.

ரப்பரா, தோலா?

கிரிப்பை எதனால் மூடுவது என்ற கேள்வி இந்த வட்டாரத்துக்கு நேரடியானது. இன்று பெரும்பாலான கேமராக்களின் கைப்பிடியில் இருப்பது ரப்பர் அல்லது தோல்போல் அச்சிட்ட செயற்கைப் பொருள். இரட்டைப் பக்க ஒட்டுப்பட்டையால் ஒட்டியிருப்பார்கள். வெப்பமும் வியர்வையும் எண்ணெய்ப்பசையும் சேரும்போது ரப்பர் உப்பி ஓரத்தில் எழும்புவதைப் பழைய கேமராக்களில் பார்க்கலாம். மிருதுவான பாலியூரித்தேன் பூச்சு ஈரக்காற்றில் சிதைந்து பிசுபிசுக்கும். தோலுக்கு இந்தக் குறைகள் குறைவு. வியர்வையை ஓரளவு உறிஞ்சும், தேய்ந்தால் மாற்றி ஒட்டலாம். கேமராவைத் தோலால் மூடுவது புதிய யோசனையும் அல்ல. மடக்குக் கேமராக்களின் காலத்தில் உடலும் துருத்தியும் தோலால்தான் மூடப்பட்டன.

ஆனால் தோல் என்றாலே சிறந்தது என்று முடிவு கட்டுவது ஊர்ப்பற்றாக இருக்குமே தவிர ஆய்வாக இருக்காது. ஜெர்மனியின் பழைய கான்டாக்ஸ் கேமராக்களைச் சேகரிப்பவர்களுக்கு ‘ஜைஸ் புடைப்பு’ என்ற ஒன்று தெரியும். தோலுறைக்கு அடியில் உள்ள பித்தளைத் தறையாணி பச்சையாகக் களிம்பேறி, மேலே தோல் கொப்புளம்போல் எழும்பும். பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோலில் உள்ள டேனின் இரும்போடு சேர்ந்தால் கறுப்புக் கறை படியும். ஈரம் வாங்கும் தோலுறைக்குள் கேமராவை மூடி வைத்தால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும் என்பது ஸ்டூடியோக்காரர்கள் எல்லோரும் அறிந்தது. மேலே தடித்த பூச்சு அடித்துப் பளபளப்பாக்கிய தோல் வியர்வையில் வழுக்கும். பூச்சே இல்லாத ஸ்வேட் தோல் நன்றாகப் பிடிக்கும், ஆனால் சீக்கிரம் அழுக்காகும். ஆகவே பட்டை, கடுக்காய் முறையில் பதனிடும் பழம்பெருமை வாய்ந்த ஈஸ்ட் இண்டியா தோல், புவிசார் குறியீடு பெற்றது என்பதற்காகவே, கிரிப்புக்கு ஏற்றதாகிவிடாது. குரோமில் பதனிட்டு, மெல்லிய பூச்சோடு, ஸ்கைவிங் செய்து ஒரு மில்லிமீட்டருக்குள் இழைத்த தோலே பொருத்தம். அதற்கும் உலோகத்துக்கும் நடுவே ஒரு தடுப்புப் படலம் வேண்டும். திருகாணி தோலைத் தொடக்கூடாது. தாங்கும் வேலை உலோகத்துக்கு, தொடும் வேலை தோலுக்கு.

மணிக்கணக்கில் கையின் சருமத்தோடு ஒட்டியிருக்கும் பொருளில் குரோமியம் பற்றிக் கவலைப்படுவது நியாயமே. சருமத்தில் படும் தோல் பொருட்களில் ஆறுமதிப்புக் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டக்கூடாது என்பது 2015 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் நடைமுறையில் உள்ள விதி. ஐரோப்பாவுக்கு ஷூ அனுப்பும் ஆம்பூருக்கு இந்தப் பரிசோதனை அன்றாட வேலை. கேமராத் துணைப்பொருள் செய்யும் சிறு கம்பெனிகள் புதிதாகக் கற்க வேண்டிய ஒன்றை இந்த வட்டாரம் ஏற்கெனவே கைவசம் வைத்திருக்கிறது.

கைக்கும் ஓர் எண்

அளவு என்ற கேள்விக்கு இப்போது திரும்பலாம். 1970களில், தோல் ஏற்றுமதி பற்றிய சீதாராமையா குழுவின் பரிந்துரைகளுக்குப் பிறகு, அரைகுறையாகப் பதனிட்ட தோலை அப்படியே கப்பலேற்றுவதற்குக் கட்டுப்பாடு வந்தது. பாலாற்றுக் கரை ஃபினிஷ் செய்த தோலுக்கும், பிறகு ஷூ அப்பருக்கும் முழு ஷூவுக்கும் மாறியது. தோலாக விற்றபோது சதுர அடியும் தரமும் விலையைத் தீர்மானித்தன; ஷூவாக விற்றபோது காலுக்குப் பொருந்துவதும் விலையில் சேர்ந்தது. அந்தப் பொருத்தத்தின் அடுத்த கட்டமாக, சென்னையில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் நாடெங்கும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் கால்களை அளந்து, இந்தியக் கால் அகலமானது என்று கண்டு, ‘பா’ என்ற இந்திய அளவுமுறையை முன்மொழிந்திருக்கிறது. கைக்கும் அளவீடு இல்லாமல் இல்லை. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1997இல் வெளியிட்ட இந்திய உடலளவுத் தொகுப்பில் கையின் நீளமும் அகலமும் இடம்பெற்றுள்ளன. அளவு இருக்கிறது, அதைக் கிரிப்பில் கொண்டுவருவதுதான் பாக்கி.

இதைச் செய்யப் பெரிய தொழில்நுட்பம் தேவையில்லை. கேமராக்களின் அடியில் உள்ள திருகுத்துளை கால் அங்குலம் என்பது உலகப் பொது அளவு. கேமரா கம்பெனியின் அனுமதி இல்லாமலே யாரும் அதில் பொருத்தும் கிரிப் செய்யலாம், செய்துகொண்டும் இருக்கிறார்கள். மாடலுக்கு ஒரே உலோக அடித்தகடு. அதன்மேல் உயரமும் ஆழமும் மாறும் மூன்று விரல்மேடுகள். அவற்றுக்குத் தோல் உறை. கேமரா மாடல் இரண்டு மூன்று ஆண்டில் மாறிவிடுமே, குறைந்த எண்ணிக்கைக்கு யார் செய்வார்கள் என்று கேட்கலாம். ஆண்டுக்கு இரண்டு சீசன், ஒவ்வொரு சீசனுக்கும் புது டிசைன், டிசைனுக்குப் பத்துக்கு மேல் அளவு என்று ஓடிப் பழகிய ஊருக்கு அது புதிய தொல்லை அல்ல. உலோகத் தகட்டை வேறிடத்தில் கடைந்து வாங்கிக்கொள்ளலாம். தோலை வெட்டி, இழைத்து, ஓரம் மடித்து, வளைவின்மேல் சுருக்கமில்லாமல் இழுத்து ஒட்டும் நுணுக்கம்தான் அரிது; அது இங்கே ஏராளம்.

வாங்குகிறவருக்கு இந்த ஆய்வு தரும் முடிவு எளியது. சிறிய லென்ஸோடு பயணத்துக்கும் வீட்டுக்கும் என்றால் கிரிப் வேண்டாம். டிரைபாட் மேசையே வேலை என்றால் விரல்மேட்டை விட்டுவிட்டு உறுதியான அடித்தகட்டைப் பாருங்கள். 500 கிராமுக்கு மேல் லென்ஸ் மாட்டுவீர்கள், ஒற்றைக் கையில் வேலை, வியர்க்கும் ஊர் என்றால் நீட்டிப்புக் கிரிப் கேமராவின் விலையிலேயே சேர்த்துக்கொள்ள வேண்டிய செலவு. நிமிர்த்திப் பிடித்து நாள் முழுக்க எடுப்பவருக்கு மட்டும் பேட்டரி கிரிப். எதை வாங்கினாலும் உங்களிடம் உள்ளதில் கனத்த லென்ஸை மாட்டி, கடையிலேயே பத்து நிமிடம் கையில் வைத்திருந்து பார்த்த பிறகு பணம் கொடுங்கள். செய்கிறவர்களுக்கும் ஒரு கோரிக்கை உண்டு. விவரப் பட்டியலில் மெகாபிக்சலும் எடையும் வெளி அளவும் அச்சாகின்றன. கைப்பிடியின் உயரம், ஆழம், விரலுக்கும் லென்ஸுக்கும் நடுவே உள்ள இடைவெளி என்ற மூன்று எண்களை அதே பட்டியலில் சேர்க்கச் செலவேதும் இல்லை. அந்த எண்கள் அச்சாகத் தொடங்கினால்தான், எந்தக் கைக்கு எந்தக் கேமரா, எதற்குக் கிரிப் என்ற கேள்வியை அபிப்பிராயமாக இல்லாமல் அளவாகப் பேச முடியும்.